பிரிவு நீங்கிய பிறகும் கைது நீங்காதது ஏன்? தெற்கு ஆப்பிரிக்கப் பத்திரிகைச் சட்டங்கள் குறித்து

நீங்கள் கேட்டது இரண்டே வரி. ஜாம்பியாவில் குடியரசுத் தலைவரை அவமதிப்பதைக் குற்றமாக்கிய பிரிவை 2022-இல் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அவதூறு என்ற குற்றத்தையே 2024-இல் ஒழித்துவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் பத்திரிகைகளை முடக்கிய பேர்போன சட்டம் 2020-இல் போயே போய்விட்டது. அப்படியிருக்க 2025-இல் அதே ஜிம்பாப்வேயில் ஒரு செய்தியாளர் 72 நாள் சிறையில் இருந்தது எப்படி, இந்தச் சீர்திருத்தமெல்லாம் கண்துடைப்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சட்டப் பிரிவை நீக்கும்போது அதனுடன் நீங்குவது எது, நீங்காமல் தங்கிவிடுவது எது என்று உங்கள் கேள்வியை நான் புரிந்துகொள்கிறேன்.

நான் சட்டக் கல்லூரியில் ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் நடத்தியவன். இந்த நாடுகளின் தீர்ப்புகளைப் பல ஆண்டுகளாக வகுப்பில் வைத்துப் படித்திருக்கிறேனே தவிர, ஜிம்பாப்வேயின் ஹராரேயிலோ லெசோத்தோவின் மசேருவிலோ நீதிமன்றத்தில் நின்று வாதாடியவன் அல்லன். போர்த்துகீசியச் சட்ட மரபில் வரும் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் இந்தப் பதிலில் தொடவில்லை. இன்னொன்று: தென்னாப்பிரிக்கா என்பது ஒரு நாடு, தெற்கு ஆப்பிரிக்கா என்று நான் சொல்வது ஜிம்பாப்வே, ஜாம்பியா, மலாவி, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி ஆகியவற்றையும் சேர்த்த வட்டாரத்தை. மாணவர்கள் ஆண்டுதோறும் இதில் குழம்புவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஜிம்பாப்வேயிலிருந்து தொடங்குவதுதான் நல்லது, ஏனென்றால் ஒரே குற்றம் எத்தனை முறை செத்துப் பிழைக்கலாம் என்பதை அங்கே ஆண்டுவாரியாகக் காட்ட முடியும். வெள்ளையர் ஆட்சியில் இருந்த தெற்கு ரொடீசியா 1960-இல் சட்டம் ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. அதன் 50-ஆம் பிரிவு, பொதுமக்களிடையே அச்சத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடிய பொய்ச் செய்தியை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. விடுதலைப் போராட்டக்காரர்களை அடக்குவதற்காக வந்த அந்தச் சட்டத்தை, 1980-இல் ஆட்சிக்கு வந்த விடுதலை இயக்கம் ஒழிக்காமல் கையில் வைத்துக்கொண்டது. 1999 ஜனவரியில் ‘தி ஸ்டாண்டர்ட்’ வார இதழ், ராணுவத்துக்குள் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி ஒன்று நடந்து அதிகாரிகள் கைதானதாகச் செய்தி வெளியிட்டது. ஆசிரியர் மார்க் சாவுண்டுகாவை ராணுவம் பிடித்துச் சென்றது. எழுதிய ரே சோட்டோவும் பின்னர் சிக்கினார். இருவரும் சித்திரவதைக்கு ஆளான பிறகு, இந்த 50-ஆம் பிரிவின் கீழ் அவர்கள் மேல் வழக்கு வந்தது. 2000 மே மாதம் தலைமை நீதிபதி கப்பே தலைமையிலான உச்ச நீதிமன்றம் அந்தப் பொய்ச் செய்திப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. அச்சம் தரக்கூடும் என்ற அளவுகோலை வைத்தால், எந்தப் பெரிய செய்தியும் குற்றமாகிவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றும் வகுப்பில் முதலில் படிக்கத் தருவது அதைத்தான்.

அடுத்த ஆண்டே கப்பே நெருக்குதலால் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 2002-இல் இரண்டு புதிய சட்டங்கள் வந்தன. பொது ஒழுங்கு, பாதுகாப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. அதன் 15-ஆம் பிரிவில் அரசுக்குக் கேடு தரும் பொய்க் கூற்று மறுபடியும் குற்றமானது. தகவல் பெறுதல், தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற மற்றொன்றில் 80-ஆம் பிரிவு செய்தியாளர்களுக்கென்றே அதே குற்றத்தைத் தனியாக வைத்தது. பிறகு 2006-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் தொகுப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் அது மூன்றாம் முறையாக, இருபது ஆண்டுவரை சிறை என்ற தண்டனையோடு, எழுந்தது. அந்த 31-ஆம் பிரிவின் முக்கியமான உட்பிரிவையும் 2014-இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். 2021 ஜனவரியில், காவலர் ஒருவர் அடித்ததில் குழந்தை இறந்ததாகப் பரவிய செய்தியைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்காகச் செய்தியாளர் ஹோப்வெல் சின்ஓனோ கைதானார். குற்றச்சாட்டு அதே 31-ஆம் பிரிவு. ஏழு ஆண்டுக்கு முன்பே நீதிமன்றம் கொன்றுபோட்ட அதே உட்பிரிவு. ஏறத்தாழ மூன்று வாரம் சிறையில் இருந்த பிறகுதான் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. இல்லாத சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது ஏப்ரல் மாதத்தில். அதே ஆண்டு டிசம்பரில் இணைய, தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 164-சி (164C) என்று எண்ணிட்ட புதிய பிரிவு, தீங்கு செய்யும் நோக்கத்தோடு பொய்யான தகவலை மின்னணு வழியில் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. கரும்பலகையில் 1960, 2000, 2002, 2006, 2014, 2021 என்று எழுதி அம்புக்குறி போட்டால் பலகையே போதாது. பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவது என்ற நம் பழமொழிக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்றால் அது அன்றே செத்துவிட வேண்டும் என்பது சட்டக் கோட்பாடு. ஆனால் நாடாளுமன்றம் அதை ஏட்டிலிருந்து எடுக்காதவரை, காவல் நிலையத்து அதிகாரியின் கையில் இருக்கும் சட்டப் புத்தகத்தில் அது அச்சில் இருந்துகொண்டேதான் இருக்கும். அவர் தீர்ப்புத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைது செய்வதில்லை. தெரிந்தே செய்தாலும், தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் வென்ற ஒவ்வொரு வழக்குக்குப் பின்னும் சட்டத் திருத்த மசோதா ஒன்று வர வேண்டும். அதைக் கேட்டு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டுகிறவர்கள் குறைவு. வழக்கில் வென்றதும் கொண்டாட்டம் முடிந்துவிடுகிறது.

குற்றப் பிரிவுகளைவிடக் கடுமையாக அடித்தது உரிமம்தான் என்பது என் எண்ணம். மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டுத் தகவல் சட்டம் ஒவ்வொரு பத்திரிகை நிறுவனமும் ஒவ்வொரு செய்தியாளரும் அரசு அமைத்த ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும் என்றது. 1999-இல் தொடங்கி விரைவிலேயே நாட்டின் அதிகம் விற்கும் நாளிதழாகிவிட்ட ‘டெய்லி நியூஸ்’ பதிவு செய்ய மறுத்து, சட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் போனது. அதற்குள் 2001-இல் அதன் அச்சகத்தில் குண்டு வெடித்திருந்தது. 2003 செப்டம்பர் 11-ஆம் தேதி நீதிமன்றம் சொன்ன பதில் விசித்திரமானது. நீதி கேட்டு வருகிறவன் தூய கைகளோடு வர வேண்டும், முதலில் சட்டத்துக்குக் கீழ்ப்படி, பிறகு அதை எதிர்த்து வா என்றது. இது செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. மறுநாள் காவல்துறை அலுவலகத்தை மூடியது. இடையில் சில நாள் தலைகாட்டியதைத் தவிர, அந்த நாளிதழ் மறுபடி நிலையாகக் கடைக்கு வந்தது 2011-இல். யாரும் தண்டனை பெறவில்லை, யாரும் அவதூறு செய்ததாக நிரூபணமாகவில்லை. ஒரு பதிவுத் தாள் இல்லாததால் ஏழு ஆண்டுக்கும் மேல் வாசகர்களுக்குப் பத்திரிகை இல்லை. 2020-இல் அந்தச் சட்டம் போய்த் தகவல் சுதந்திரச் சட்டம் வந்தது உண்மையான முன்னேற்றம் என்று நான் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவ்வளவு பெரிய பூட்டு இன்று அரசின் கையில் இல்லை.

இனி நீங்கள் குறிப்பிட்ட 72 நாள். ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரான பிளெஸ்ட் மிலாங்கா, குடியரசுத் தலைவர் பதவி விலக வேண்டும் என்று முன்னாள் விடுதலைப் போராளி ஒருவர் பேசியதை ஒளிபரப்பியதற்காக 2025 பிப்ரவரியில் கைதானார். வன்முறையைத் தூண்டும் தகவலை அனுப்பினார் என்று இணையச் சட்டத்தின் கீழ் குற்றச்சாட்டு. மே மாதத்தில்தான் ஜாமீனில் வந்தார். அந்த 72 நாளில் எந்த நீதிபதியும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அரசுத் தரப்புக்கு வழக்கில் வெல்ல வேண்டிய கட்டாயமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கைது, ஜாமீன் எதிர்ப்பு, ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு: தண்டனை இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்தோ ஆறு ஆண்டு கழித்தோ வழக்கு தள்ளுபடியானால், அதற்குள் ஊரில் உள்ள மற்ற ஆசிரியர்கள் எதைப் போடக் கூடாது என்று தெரிந்துகொண்டிருப்பார்கள்.

மலாவியில் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் புலனாய்வுச் செய்தியாளர் கிரகரி கோண்ட்வேயைக் காவல்துறை சில மணி நேரம் பிடித்துவைத்து, கசிந்த அரசு ஆவணம் ஒன்று யார் மூலம் கிடைத்தது என்று கேட்டது. அவருடைய கைப்பேசியையும் மடிக்கணினியையும் வாங்கிக்கொண்டு கடவுச்சொல்லையும் பெற்றுக்கொண்டது. அன்று மாலையே அவர் வீடு திரும்பிவிட்டார். புள்ளிவிவரத்தில் இது மிகச் சிறிய சம்பவமாகத்தான் பதிவாகும். ஆனால் தகவல் தந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவதூறுப் பிரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் குற்ற விசாரணை நடைமுறைக்குள் இருக்கிறது. பத்திரிகைச் சட்டம் என்று பெயர் தாங்கிய எதிலும் அது இல்லை. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

நீக்குவது யார் வேலை, நீதிமன்றமா நாடாளுமன்றமா என்ற கிளைக்கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நீதிமன்றம் துணிந்து செய்ததற்கு லெசோத்தோ நல்ல சான்று. ‘லெசோத்தோ டைம்ஸ்’ 2016-இல் ராணுவத் தளபதி ட்லாலி கமோலியைக் கிண்டல் செய்து ஒரு பத்தி வெளியிட்டது. பதிப்பாளர் பாசில்டன் பீட்டா மேல் குற்றவியல் அவதூறு வழக்குப் பாய்ந்தது. 2018 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அவதூறுப் பிரிவுகள் முழுவதையும் செல்லாததாக்கியது. கிண்டலும் கேலிச்சித்திரமும் கூட அந்தப் பிரிவுகளின் வலைக்குள் விழுந்துவிடும் என்பது நீதிபதிகளை உறுத்திய முக்கியமான விஷயங்களில் ஒன்று. ஜிம்பாப்வே நீதிமன்றமும் 2014-இலும், புதிய அரசமைப்பின் கீழ் 2016-இலும், குற்றவியல் அவதூறைத் தூக்கியெறிந்தது; மானநட்டத்துக்கு உரிமையியல் வழக்கும் இழப்பீடும் இருக்கும்போது சிறை எதற்கு என்பதே காரணம். ஆனால் லெசோத்தோக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். பீட்டா மேல் வழக்கு வந்த அதே 2016 ஜூலையில் பத்திரிகையின் ஆசிரியர் லாயிட் முட்டுங்காமிரியை அவர் வீட்டு வாசலில் சுட்டார்கள். அவர் உயிர் தப்பினார். துப்பாக்கியை எந்தத் தீர்ப்பும் செல்லாததாக்குவதில்லை.

எஸ்வாட்டினியில் நிலைமை தலைகீழ். அங்கே 1938-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் காலத்து அரச நிந்தனைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2016-இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2024-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டுச் சட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. அந்நாட்டில் நீதித்துறையே ஒரு தரப்பாக நின்றதும் உண்டு. தலைமை நீதிபதியை விமர்சித்துக் கட்டுரை எழுதியதற்காக ‘தி நேஷன்’ மாத இதழின் ஆசிரியர் பெக்கி மகுபுவும் மனித உரிமை வழக்கறிஞர் துலானி மசேகோவும் 2014-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு தண்டனை பெற்றார்கள். விசாரித்த நீதிபதியின் பெயரே கட்டுரையில் அடிபட்டிருந்தும் அவர் விலக மறுத்தார். 2015 ஜூன் இறுதியில் இருவரும் விடுதலையானார்கள்; மசேகோ 2023 ஜனவரியில் தன் வீட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட இடத்தில் நீதிமன்றத்தை நம்பிச் சீர்திருத்தத் திட்டம் போடுவது வீண்.

தென்னாப்பிரிக்காவில் வேறொரு சிக்கல் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புலப்படாது. அங்கே அவதூறுக் குற்றம் எந்தச் சட்டத்திலும் ஒரு பிரிவாக எழுதப்பட்டிருக்கவில்லை. டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோமன்-டச்சுப் பொதுச் சட்டத்தின் ஒரு துண்டாக அது நீதிபதிகளின் தீர்ப்புகளில் வாழ்ந்தது. எடுத்துப்போடப் பிரிவு எண்ணே இல்லாததால், “பொதுச் சட்டத்திலுள்ள அவதூறுக் குற்றம் இத்துடன் ஒழிகிறது” என்ற பொருளில் புதிதாக ஒரு சட்ட வாசகத்தையே நாடாளுமன்றம் எழுத வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் வாக்குறுதியாகவே இருந்துவிட்டு, 2024 ஏப்ரலில் கையெழுத்தான நீதித்துறைத் திருத்தச் சட்டத்தில் அது நடந்தேறியது. அதே நாட்டில் அரசு ரகசிய மசோதாவின் கதையும் கவனிக்கத்தக்கது. 2010-இல் வந்து, 2013-இல் நாடாளுமன்றத்தைத் தாண்டி, அதிபர் ஜூமாவின் கையெழுத்து இல்லாமல் கிடந்து, 2020-இல் ராமபோசாவால் திருப்பி அனுப்பப்பட்டது. ஒரு கெட்ட மசோதாவைத் தடுத்தது பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அது வராததால், அது நீக்கவிருந்த இனவெறி ஆட்சிக் காலத்து 1982-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

தகவல் அறியும் சட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஜாம்பியாவில் முதல் மசோதா 2002-இல் வந்து பின்வாங்கப்பட்டு, சட்டமானது 2023 டிசம்பரில். மலாவியில் 2017 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம் நடைமுறைக்கு வர 2020 செப்டம்பர் வரை ஆனது. கையெழுத்தான தேதியும் நடைமுறைக்கு வந்த தேதியும் வேறு வேறு என்பதைச் செய்தி படிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தண்டனைப் பிரிவு நீங்கிய நாட்டில் அந்தப் பிரிவின் கீழ் சிறைத் தண்டனை விதிக்க முடியாது என்பது உறுதி. உரிமக் கட்டாயம் நீங்கினால் பத்திரிகையை ஒரே நாளில் மூடுவது கடினமாகிறது என்பதும் உறுதி. ஆனால் சட்டம் தளர்ந்ததால் செய்தியாளர்கள் துணிச்சலாக எழுதுகிறார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆட்சி மாற்றம், விளம்பர வருவாய், உரிமையாளரின் வியாபாரத் தொடர்புகள் ஆகியவை எல்லாம் அதில் கலந்துகிடக்கின்றன. ஜாம்பியாவின் ‘தி போஸ்ட்’ நாளிதழை 2016 ஜூனில், பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, மூடியது வரித்துறை. காரணம் வரிப் பாக்கி. பாக்கி இருந்ததா, எவ்வளவு, மூடும் அளவுக்கு இருந்ததா என்று இரு தரப்பும் சண்டையிட்டன. எந்தப் பத்திரிகைச் சட்டத்தைச் சீர்திருத்தினாலும் அந்தக் கதவு திறந்தேதான் இருந்திருக்கும். அதே ஜாம்பியாவில், அவமதிப்புப் பிரிவை நீக்கிய ஹிச்சிலெமா அரசு 2025 ஏப்ரலில் இரண்டு புதிய இணையச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அவை ஜிம்பாப்வேயின் வழியில் போகும் என்பது என் அச்சம். அது அச்சம் மட்டுமே.

மேல்முறையீட்டுக்கு நாட்டுக்கு வெளியே ஒரு வாசல் இருந்தால் இதெல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் செய்தியாளர்கள் வட்டார நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது. தெற்கிலும் நமீபியாவின் விண்டூக்கில் ஒரு நீதிமன்றம் இருந்தது. வெள்ளை விவசாயிகளின் நில வழக்கில் ஜிம்பாப்வேக்கு எதிராக அது 2008-இல் தீர்ப்பளிக்க, 2010-இல் அதை அமைத்த தெற்கு ஆப்பிரிக்க மேம்பாட்டுச் சமூகத்தின் (SADC) உறுப்பு நாடுகளின் தலைவர்களே அதை முடக்கினார்கள். 2014-இல் எழுதிய புதிய ஒப்பந்தத்தில் தனிமனிதர் வழக்குத் தொடுக்கும் உரிமை இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான 1991-ஆம் ஆண்டுப் பிரகடனம் அதே விண்டூக்கில்தான் உருவானது, உலகம் முழுவதும் மே 3-ஆம் தேதியைக் கொண்டாடுவது அதன் நினைவாகத்தான் என்பதை எண்ணும்போது எனக்குச் சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கருத்து வெளியிட்டதற்கான எந்த வழக்கிலும் விசாரணைக்கு முன் காவலில் வைக்கக் கூடாது, அழைப்பாணை மட்டுமே அனுப்ப வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பேன். அடுத்து, செய்தியாளரின் கருவிகளைக் கைப்பற்றவும் ஒட்டுக்கேட்கவும் நீதிபதியிடம் முன்கூட்டியே காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்பேன். இது வெறும் ஆசையல்ல. தென்னாப்பிரிக்காவில் ‘அமாபுங்கனே’ புலனாய்வு அமைப்பைச் சேர்ந்த சாம் சோல், 2008-இல் தன் தொலைபேசி உரையாடல் ஒட்டுக்கேட்கப்பட்டதை 2015-இல் வேறொரு வழக்கின் ஆவணங்களில் அதன் எழுத்துப்படி இணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்துத்தான் உறுதியாக அறிந்தார். அவர் தரப்பு தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம், ஒட்டுக்கேட்கப்படுபவர் செய்தியாளர் என்றால் அதை அனுமதி கேட்கும்போதே நீதிபதியிடம் சொல்லியாக வேண்டும், ஒட்டுக்கேட்டு முடிந்த பின் உரியவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டு, சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாதம் கெடு வைத்தது. அவதூறுப் பிரிவையும் பொய்ச் செய்திப் பிரிவையும் நீக்குவது என் வரிசையில் மூன்றாவதாகத்தான் வரும்.